திருப்பி ஊற்றியது

கிரிம்ஸ்பி. இரவுப் பணி. மூன்றாம் எண் பெல்ட்.
ஊரின் வயிறு எங்கள் முன்னால் ஓடுகிறது:
தயிர் டப்பா, டயப்பர், விலா எலும்பு முறிந்த குடை,
யாரோ யாருக்கோ வாங்கி
அனுப்பாமல் விட்ட பிறந்தநாள் அட்டை.
எதையும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது,
அது இங்கே விதி.
நான் எடுத்தது ஒரே ஒரு அகராதி.
முதல் ஆறு எழுத்தையும் யாரோ தின்றுவிட்டார்கள்,
ஜி-யில்தான் தொடங்குகிறது,
அதன் மேலும் தக்காளிச் சாறு.

இடைவேளையில் புரட்டுவேன். டீ ஆறிவிடும்.

கார்பேஜ்: ஆதியில் அறுத்த கோழியின்
குடல், கழுத்து, கால்.
என் அம்மா துறைமுகக் கொட்டகையில்
முப்பது வருடம் மீன் வயிற்றிலிருந்து
அதைத்தான் உருவினாள்,
அதற்கொரு பழைய பெயர் இருப்பது தெரியாமல்.

ஜங்க்: கப்பலில் இற்றுப்போன கயிறு.
பிரித்து, நாராக்கி, தார் தோய்த்து
பலகை இடுக்கில் திணிப்பார்களாம்.
ஆக, கப்பலை மிதக்கவைத்ததே குப்பைதான்.
மேஸ்திரியிடம் சொன்னேன்.
"ப்ளென்கின், பாட்டிலைப் பார்" என்றான்.

ரப்பிஷ்: எங்கிருந்து வந்ததென்று தெரியாது என
அகராதியே கையை விரிக்கிறது.
பிடித்திருந்தது எனக்கு அந்த நேர்மை.

லிட்டர், பால் அளப்பது அல்ல, இது வேறு:
வேரில் படுக்கை,
பிறகு மாட்டுக்குப் பரப்பும் வைக்கோல்,
பிறகு ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகள்,
கடைசியாக, நடந்துகொண்டே நாம் வீசிவிட்டுப் போவது.
மார்ச்சில் ஒரு நாள் காகிதக் கட்டுக்குள்
வங்கி அறிக்கைகளைக் கிழித்து மெத்தையிட்டு
ஒரு சுண்டெலி ஈன்றிருந்தது.
ஐந்து. கண் திறக்காத ரோஜா நிறம்.
ஒரு சொல்லின் நான்கு பொருளும்
ஒரு சாண் அகலத்தில் மூச்சுவிட்டன.
சிவப்புக் கயிற்றை இழுத்தேன்.
நான்கு நிமிடம் பெல்ட் நின்றது.
எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது.

எதிரில் நிற்பவன் டெஸ்ஃபாலெம், அஸ்மாராக்காரன்.
அவனுக்குப் பெண் பிறந்திருந்தாள்.
ஞானஸ்நானத்துக்குத் தங்கை வருவதாக இருந்தது.
பணம் கட்டி, பதினோரு வாரம் காத்திருந்து,
ஒரு கடிதம்.
கையுறையைக் கழற்றிவிட்டு அதை நீட்டினான்.
ஒரு சொல்லைத் தொட்டான். பிறகு
வாசலில் நின்ற லாரியின் விலாவைக் காட்டினான்.
அதே எழுத்துகள்.
"இந்த வண்டியும் மாட்டேன் என்கிறதா, தர்சா?"

முன்னசையை அழுத்தினால் ரெஃப்யூஸ், குப்பை.
பின்னசையை அழுத்தினால் ரிஃப்யூஸ், மறுப்பு.
மறுக்கப்பட்டதுதான் குப்பையாயிற்று, என்றேன்.
இன்னும் தோண்டினால் லத்தீன்:
திருப்பி ஊற்றுதல்
என்று நினைக்கிறார்கள்.
ரீஃபண்டும் அங்கே பிறந்ததுதான்,
கட்டிய காசைத் திருப்பித் தருவது.

கடிதத்தை மறுபுறம் திருப்பினான்.
கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது.
"ஒரு வயிற்றுப் பிள்ளைகள்,
பேச்சுவார்த்தை இல்லை போல" என்றான்.
அவன் கொஞ்சம் சிரித்தான். நான் இல்லை.

மணி அடித்தது.
பெல்ட்டின் மேல் கடிதத்தைப் பிடித்தபடி நின்றான்.
காகிதம் என்றால் இடது குழி,
எங்கள் இருவருக்கும் கண் மூடினாலும் தெரியும்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தேன்.
சர்க்கரை டப்பாவில் சாய்த்த ஃபோனில்
தங்கையின் முகம்
உறைவதும் அசைவதுமாக இருந்தது.
பெரிய தட்டில் இன்ஜெரா, சுற்றிலும் பத்துக் கைகள்.
எலும்பு தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.
குழம்பு ஊறிய கடைசித் துண்டைக் கிழித்துச் சுருட்டி
அவன் மனைவி என் வாயருகே நீட்டினாள்.
மறுக்கக் கூடாதாம்.
அது அங்கே விதி.
வாயைத் திறந்தேன்.